ஆசை மாடு, ஆகிற மாடு, அந்தி மாடு

எங்கள் அப்பா சவுரியப்பன் கைகாட்டிய மாடு சோடை போனதாக அரூர் தாலுகாவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அவர் கைகாட்டிய கல்லூரிகளைப் பற்றிச் சொல்ல என் ஒருத்தியால்தான் முடியும்.

அப்பா மாட்டுத் தரகர். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம், மற்ற நாட்களில் வேறு வேறு சந்தை. விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று விலையை முடித்துக் கொடுப்பது வேலை. சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கை கொடுத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும், அதற்குள் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. பத்தா நூறா என்பதை மட்டும் காதோடு சொல்லிக்கொள்வார்கள். கடைசியாகப் பிடித்த விரலை அழுத்திவிட்டால் முடிந்தது பேச்சு. அதற்கப்புறம் ஊரே தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. துண்டுக்குள் என்ன பேசினார்கள் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது, கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

1968-ல் நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தேன். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் நல்ல மார்க்கு, இங்கிலீஷில் சுமார், வரலாற்றில் பரீட்சை எழுதினேன் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு மார்க்கு. அப்போதெல்லாம் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். பிறகு கல்லூரியில் பி.யூ.சி. ஒரு வருஷம், அதற்கு மேல் பி.எஸ்ஸி. மூன்று வருஷம். பி.யூ.சி.யில் சயின்ஸ் குரூப் கிடைக்கவில்லை என்றால் பிறகு தலைகீழாக நின்றாலும் பௌதிகம் படிக்க முடியாது. எனக்குப் பௌதிகம் வேண்டும். வேறு எது கொடுத்தாலும் வேண்டாம். இந்தக் கதையில் என் ஆசை இவ்வளவுதான்.

எனக்கு விஞ்ஞானப் பித்து பிடித்திருக்கிறது என்று அம்மா மிக்கேலம்மாளுக்கு முன்பே தெரியும். மாதா கோவிலில் மந்திரித்துக் கொடுக்கிற தீர்த்தம் கெடாது என்று அவள் சொன்னதை நான் சோதித்துப் பார்த்திருந்தேன். ஒரு சீசாவில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் தீர்த்தம், இரண்டும் வெயில் படுகிற சன்னலில். கிணற்றுத் தண்ணீர் முதலில் பாசி பிடித்தது. தீர்த்தம் அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் பிடித்தது. அம்மாவுக்கு அந்த ஒரு வாரம் அற்புதம். சாமியார் தீர்த்தத்தில் உப்புப் போடுகிறார் என்று நான் சொன்னேன். அகப்பைக் காம்பால் அடி விழுந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், அது உப்புதான்.

படிக்க வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு வந்தபோது அப்பா ஒரு வருஷத்துக்குச் சம்மதித்தார். பி.யூ.சி. படித்த பெண் என்றால் மாப்பிள்ளை கொஞ்சம் நல்லதாக அமையும் என்பது அவர் கணக்கு. அதற்கு மேல் என் கணக்கு ஒன்று இருந்தது. முதலில் உள்ளே நுழைவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

எந்தக் கல்லூரிக்கு மனுப் போடுவது? நான் மெட்ராஸ் கன்னியர் கல்லூரி ஒன்றே போதும் என்றேன். அங்கே பெரிய ஆய்வுக்கூடம் இருப்பதாக எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். அப்பா சிரித்தார். ஒரே மாட்டை நம்பிச் சந்தைக்குப் போகிறவன் கயிற்றோடு திரும்பி வருவான் என்றார். பிறகு சுண்ணாம்பு தடவிய வெற்றிலையை மடித்தபடியே தன் சாஸ்திரத்தைச் சொன்னார்.

"சந்தைக்குப் போனா மூணு மாட்டப் பாத்து வெச்சுக்கோணும் பாப்பா. ஒண்ணு ஆசை மாடு. நம்மளால முடியாது, ஆனா கேட்டுப் பாக்கறதுல தப்பில்ல. ரெண்டாவது ஆகிற மாடு. நம்ம ஏருக்கும் நம்ம கைக்கும் சரியா இருக்கும். மூணாவது அந்தி மாடு. பொழுது எறங்கற நேரத்துல கொண்டாந்தவன் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போவ முடியாம நிப்பான் பாரு, அது. மூணுல ஒண்ணு இல்லாம வூடு திரும்பக் கூடாது."

அதன்படி மெட்ராஸ் ஆசை மாடு. சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரி, என் மார்க்குக்குச் சரியாகப் பொருந்தும், அது ஆகிற மாடு. தர்மபுரியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற ஒரு கல்லூரி அப்போதுதான் வந்திருந்தது. பெண்கள் யாராவது வந்து சேரமாட்டார்களா என்று கல்லூரிக்காரர்கள் காத்துக்கிடந்தார்கள். அது அந்தி மாடு.

அம்மாவின் வரிசை நேர்த் தலைகீழ். மெட்ராஸில் கன்னியர் மடம், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மதில், தினமும் காலைப் பூசை. அதைவிடப் பத்திரமான இடம் மோட்சம்தான். தர்மபுரியில் பையன்கள். என் மார்க்குக்கு எது நிச்சயமாகக் கிடைக்குமோ அதைப் போல ஆபத்தான இடம் அவளுக்கு உலகத்திலேயே கிடையாது. ஆகவே மெட்ராஸ் கிடைத்தால் மாதாவுக்கு ஒரு முழ மெழுகுவர்த்தி, சேலம் கிடைத்தால் சவேரியாருக்கு அரை முழம், தர்மபுரி கிடைக்காமல் போனால் அந்தோணியாருக்கு ஒரு சேவல் என்று நேர்ந்துகொண்டாள். எனக்கு எதிராக ஒரு புனிதரையே நிறுத்தியிருந்தாள். சேவலும் வாசலிலேயே மேய்ந்துகொண்டிருந்தது, வெள்ளைச் சேவல். நான் அதற்கு ஒரு நாளும் தானியம் போட்டதில்லை.

முதலில் மெட்ராஸ் கூப்பிட்டது. அரூரில் பஸ் ஏறி, சேலத்தில் ரயிலுக்கு மாறி, விடிந்ததும் நானும் அப்பாவும் போய் நின்றோம். கல்லூரித் தலைவி ஒரு வயதான கன்னியாஸ்திரீ, மலையாளத்துக்காரர், நிதானமான தமிழ். என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் அப்பா பேச்சில் நுழைந்துவிட்டார்.

அப்பாவைப் பொறுத்தவரை அங்கே நாங்கள் வாங்க வந்தவர்கள். வாங்க வந்தவன் மாட்டைப் புகழ்ந்தால் விலை ஏறும், குறை சொன்னால் இறங்கும். இது சந்தையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, கட்டடம் கொஞ்சம் வயசான கட்டடம் போல் இருக்கிறதே என்றார். படிக்கட்டு நடுவில் தேய்ந்திருப்பதைத் தடவிப் பார்த்ததாகச் சொன்னார். குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றார். தென்னை மரம் ஒன்று விடுதிப் பக்கம் சாய்கிறது, இன்னும் நாலு மழைதான் தாங்கும் என்றார். அந்த மதர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியாக அப்பா, இவ்வளவு குறை இருந்தாலும் பெண்ணுக்குப் பிடித்துப்போயிற்று, பார்த்துச் செய்யுங்கள் என்று முடித்தார்.

பத்தாம் நாள் தபாலில் வருத்தம் தெரிவித்தார்கள். அம்மா மெழுகுவர்த்தியை ஒன்றரை முழமாக நேர்ந்திருக்க வேண்டும் என்றாள். நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அப்பா மட்டும் கலங்கவே இல்லை. ஆசை மாட்டைப் பார்க்கத்தானே போனோம், வாங்கவா போனோம் என்றார்.

சேலத்துக்குப் போகிற பஸ்ஸில் நான் அவரைப் பிடிபிடி என்று பிடித்தேன். கல்லூரியைக் குறை சொன்னால் எவன் இடம் கொடுப்பான், அவர்கள் பெண்ணை எடுத்துக்கொள்கிறவர்கள், நாம் கொடுக்கிறவர்கள் என்றேன். அப்பா மஞ்சவாடிக் கணவாய் வரைக்கும் யோசித்தார். பிறகு, "அப்ப நாம விக்கற பக்கமா? மொதல்லயே சொல்றதுக்கு என்ன பாப்பா" என்று கேட்டார். அப்போதே நான் பஸ்ஸை நிறுத்தி இறங்கியிருக்க வேண்டும்.

சேலத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று அம்மாள்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து ஒரு காய்ச்சல் தலைவலி கிடையாது. பல் எல்லாம் வரிசை. வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் நடந்தே வரும், கால் சோராது. தீனி கம்மி. புது ஆளைக் கண்டால் மிரளாது. நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

அதோடு விட்டிருந்தால் நல்லது. சயின்ஸ் குரூப்பில் இடம் இறுக்கமாக இருக்கிறது, வேறு குரூப் என்றால் பெண் படிப்பாளா என்று ஓரத்து அம்மாள் கேட்டார். நான் மூச்சை இழுப்பதற்குள் அப்பா பெருமையாகச் சொன்னார்: "எந்த ஏருல கட்டுனாலும் இழுக்கும்ங்க."

கட்டினார்கள். வரலாற்றில்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. வீட்டில் அம்மாவுக்கோ சந்தோஷம். பெண்கள் கல்லூரி, விடுதியில் இடம், சவேரியார் கைவிடவில்லை. வரலாறு என்றால் என்ன குறைச்சல், ராஜாக்கள் கதைதானே, கண்ணுக்கும் கெடுதல் இல்லை என்றாள். திங்கட்கிழமைக்குள் சேலத்தில் சேர்ந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை தர்மபுரியில் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குப் போகவே வேண்டாம் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அப்பா மட்டும், மூன்று மாடு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டோடு திரும்புவது தொழிலுக்கு அழகில்லை என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய மற்ற எல்லா வாக்கியங்களையும் மன்னித்தேன்.

மன்னித்தேனே தவிர நம்பவில்லை. தர்மபுரிக்குப் புறப்படும் முன் மாதா படத்தின் முன்னால் நிற்க வைத்துச் சத்தியம் வாங்கினேன். கல்லூரிக்குள் கால் வைத்ததிலிருந்து வெளியே வருகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். அப்பா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் சத்தியம் தவறுகிறவர் இல்லை.

தர்மபுரிக் கல்லூரி முதல்வர் கோட்டுப் போட்டவர். வருகிற பெற்றோர் எல்லாருக்கும் எழுந்து கை கொடுக்கிற பழக்கம் உள்ளவர். எங்களுக்கு முன்னால் போன கிளார்க்குக்கும் கொடுத்தார், ஏரியூரிலிருந்து கோவணத்தோடு வந்திருந்த ஒரு விவசாயிக்கும் கொடுத்தார். நாங்கள் உள்ளே போனதும் என் மார்க்கைப் பார்த்தார். கிணற்றில் விட்ட குடம் ஏன் தண்ணீருக்குள் இருக்கும்வரை கனப்பதில்லை என்று கேட்டார். சொன்னேன். நன்றாகவே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து அப்பாவை நோக்கிக் கையை நீட்டினார்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆள் காரியம் பேசுகிற இடத்தில் கையை நீட்டினால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். கையைப் பிடித்தார். இடது கையால் தோளிலிருந்த துண்டை எடுத்து மேலே போட்டார்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன், அந்தத் துண்டுகூடக் கையில் இல்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிய அறிவாளி நான், கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முதல்வர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முதலில் புருவம் மேலே போனது. பிறகு மீசைக்குக் கீழே எதுவோ அசைந்தது. அவர் குனிந்து அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார், பிறகு துண்டைப் பார்த்தார். துண்டு அசைந்தது. முதல்வர் இல்லை என்று தலையாட்டினார். மறுபடி அசைந்தது. மறுபடியும் தலையாட்டினார். அப்பாவின் நெற்றியில் வேர்வை. வாசலில் நின்ற பியூன் எட்டிப் பார்த்தான். கோட்டுக்குள்ளே ஒரு குடியானவர் இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தையில் மாடு பிடிக்காத வீட்டில் பிறந்தவனுக்கு அந்தப் பாஷை வராது. கடைசியில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். துண்டு நின்றது. முதல்வர் உட்கார்ந்து என் மனுவில் சயின்ஸ் குரூப் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சயின்ஸ் குரூப் கிடைத்துவிட்டது. ஆனால் அரூர் பஸ்ஸில் நான் சந்தோஷமாக உட்கார்ந்து வரவில்லை. எதற்கு விலை பேசினாய், என்ன கொடுப்பதாகச் சொன்னாய், என் மார்க்குக்குக் கிடைக்காது என்று நீயே முடிவு செய்துவிட்டாயா என்று அப்பாவைக் குடைந்தேன். அவர் வாயைத் திறந்தது மொரப்பூர் தாண்டித்தான். துண்டுக்குள் பேசினதை வெளியே சொன்னால் தரகன் கெட்டான் என்றார்.

அந்த ஒரு வருஷம் நான் ஆத்திரத்திலேயே படித்தேன். ஆய்வுக்கூடத்தில் பெண்கள் என்று நான் ஒருத்திதான். பையன்களால் வந்த ஆபத்து ஒன்றே ஒன்று, தராசுப் படிக்கற்களைத் தொலைத்துவிடுவார்கள். முதல்வரைத் தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். இந்த இடம் என் மூளைக்குக் கிடைத்ததா, அப்பாவின் விரலுக்குக் கிடைத்ததா? பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கினேன். அப்போதும் அந்த முள் போகவில்லை.

ரிசல்ட் வந்த வாரமே அம்மா மாப்பிள்ளை கொண்டுவந்துவிட்டாள். கிருஷ்ணகிரியில் வாத்தியார் வேலை, பெயர் ஞானராஜ், கெட்ட பழக்கம் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வந்தார்கள். அந்தோணியார் வேண்டாம் என்று விட்டுவிட்ட வெள்ளைச் சேவல் ஒரு வருஷம் தின்று கொழுத்திருந்தது. அதை அடித்துக் குழம்பு வைத்தாள் அம்மா. சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா, பெண் படித்தவரைக்கும் போதும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். பேசிய ஒரு வருஷம் முடிந்துபோயிருந்தது. சம்மதித்தது அப்பா, சாட்சி அம்மா.

அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "இன்னும் மூணு வருசம் ஆவுமுங்க. பி.எஸ்ஸி. முடிக்கோணும். வெரல் குடுத்துட்டேன்" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. யாருக்கு விரல் கொடுத்தாய் என்று அம்மா கத்தினாள். பேச்சு முடிந்துவிட்ட சரக்கு, இனி மறைப்பதற்கில்லை என்று அப்பாவே முடிவு செய்திருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் சொன்னார்.

"காலேஜ் அய்யாவுக்கு. சீட்டு எப்பவோ புள்ளைக்குத்தான், மார்க்கப் பாத்ததும் குடுத்துட்டேன்னு காதுல சொன்னாரு. நம்ம பக்கத்துப் பொம்பளப் புள்ளைங்கள ஒரே வருசத்துல நிறுத்திடறாங்க, நீ எத்தன வருசம் குடுப்பேன்னாரு. நான் ஒரு வெரலப் புடிச்சேன். அவரு அஞ்சையும் புடிச்சாரு. ரெண்டுக்கு வந்தேன். மூணுல நின்னு பாத்தேன். வுடல அந்த மனுசன். நாலுல அழுத்திட்டாரு."

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு ரூபாய் வரும்படி இல்லாமல் நாலு வருஷத்தைக் கொடுத்தவன் என்ன தரகன் என்று கேட்டார். இவ்வளவு பெரிய ஆளுக்கு, வாங்கினோமா விற்றோமா என்பதுகூடத் தெரியவில்லையா என்றார்.

"அதுதாங்க எனுக்கும் ரொம்ப நாளாக் கொழப்பம்" என்றார் அப்பா. "மெட்ராஸுல வாங்கறவன்னு நெனச்சேன். சேலத்துல விக்கறவன்னு நெனச்சேன். அந்தத் துண்டுக்குள்ளதான் தெளிஞ்சுது. இது விக்கறது இல்லீங்க."

அவர்கள் ஜோலார்பேட்டை ரயிலைப் பிடிக்கப்போகிறவர்கள் போல அவசரமாகக் கிளம்பினார்கள். ஞானராஜ் மட்டும் போகும்போது குழம்பு நன்றாக இருந்தது என்றார். நல்ல மனிதர்தான், பாவம். அம்மா அந்தோணியார் படத்தைச் சுவரில் திருப்பி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

எனக்கு ஒரு வருஷத்து முள் அப்போதுதான் விழுந்தது. இடம் என்னுடையது, என் மார்க்குக்கு வந்தது. அப்பா எதையும் கெஞ்சி வாங்கவில்லை, கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அரூர் தாலுகாவில் தோற்காத தரகர் அன்றைக்கு ஒருவரிடம் சுத்தமாகத் தோற்றுவிட்டு, அதை ஒருவரிடமும் சொல்லாமல் என்னிடம் ஒரு வருஷம் திட்டும் வாங்கியிருக்கிறார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் நான் தரகர் மகள். மாடு மசிந்து நிற்கிற நேரம் எது என்று எனக்கும் தெரியும்.

நேரே போய் அவர் முன்னால் நின்று கையை நீட்டினேன். கை கொடுத்தார். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மேலே போட்டேன். பி.எஸ்ஸி.க்கு மேலே எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம் என்று காதில் சொன்னேன். இரண்டு விரலைப் பிடித்தேன். அப்பா திடுக்கிட்டார். ஒரு விரலை மெதுவாக உருவப் பார்த்தார். நான் விடவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, அப்பனும் மகளும் துண்டைப் போட்டுக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"துண்டுக்குள்ள பேசறத வெளிய சொல்லக் கூடாது" என்றார் அப்பா. இரண்டு விரலையும் உருவாமல் என் பிடியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.